வெளுக்காத பாதி

“ஊசியம்மா வந்திருக்காங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க” என்று ரேடியோ சொன்னதுதான் தாமதம், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வாசலைப் பார்த்து நடையைக் கட்டினார்.

ரேடியோ ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்தான். “ஐயா, இது உங்களுக்குப் போடற ஊசி இல்ல. எங்க முதலாளியம்மா பேரு. இவங்க குத்தினா ரத்தம் வராது, உண்மை மட்டும்தான் வரும்.”

பெரியவர் ஊசியம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சற்றுத் தள்ளிப்போய் உட்கார்ந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஐம்பதைத் தாண்டிய மெலிந்த தேகம், குத்துகிற பார்வை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்லிப் பணம் கேட்டவர்களையெல்லாம் கண்டுபிடித்தே இந்தப் பெயரை வாங்கியவள் அவள். இப்போது தையல் கடைக்கு மேலே ஒற்றை அறையில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். உதவியாளன் ரேடியோ. அந்தப் பெயருக்கு விளக்கம் வேண்டுமென்றால் அவனோடு ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

பல் டாக்டர் சின்னப் பெண். உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினாள். மேசைமேல் விசிறி போல விரிகிற ஒரு பட்டை கிடந்தது. அதில் வரிசையாகப் பொய்ப் பற்கள். ஒரு ஓரத்தில் பால் வெள்ளை. போகப்போக மங்கி, மறு ஓரத்தில் நல்ல பழுப்பு.

“இதை வெச்சுத்தான் பல்லோட நிறத்தைப் பார்ப்போம்” என்றாள் டாக்டர். “பல்லை வெளுக்க என்கிட்ட ரெண்டு வழி இருக்கு. மருந்தைத் தடவி, மேல விளக்கைக் காட்டி, ஒரே தடவையில இங்கயே வெளுக்கறது ஒண்ணு. வாய்க்கு அளவெடுத்து ஒரு உறை செஞ்சு குடுத்தா, அதுல ஜெல்லைப் போட்டுத் தினமும் வீட்லயே மாட்டிக்கறது இன்னொண்ணு. எது நல்லதுன்னு வர்றவங்க எல்லாரும் கேக்கறாங்க. சரியாச் சொல்லணுமில்ல? அதான் ஒரே வாயில ரெண்டையும் பண்ணிப் பார்த்தேன்.”

“ஒரே வாயிலயா?”

“வலப்பக்கம் விளக்கு, இடப்பக்கம் உறை. ஆளுக்கு ஆள் பல்லு வேற, பழக்கம் வேற. ஒரே வாய்னா அந்தத் தகராறே இல்ல பாருங்க. சம்மதிச்சு வந்த சிலபேருக்குப் பண்ணினேன்.”

“அப்ப அவங்க போட்டோவுக்கு ஒருபக்கமாத்தான் சிரிக்கணும்” என்றான் ரேடியோ.

“கொஞ்ச நாளைக்குத்தான். ரெண்டு பக்கமும் இந்த விசிறியில ஒரே பல்லோட ஒத்துப்போன அன்னைக்கு அவங்க வேலை முடிஞ்சது. நன்றி சொல்லி அனுப்பிடுவேன். விளக்கு உடனே பளிச்சுன்னு காட்டும். ஆனா அதுல கொஞ்சம், பல்லு காய்ஞ்சதால வர்ற வெள்ளை. ஒரு வாரத்துல ஒரு படி இறங்கிடும். உறை மெதுவா ஏறும். மூணு வாரம் வாக்குல ரெண்டும் ஒரே இடத்துல வந்து நிக்குது.”

“ஆட்டோவுல வந்தாலும் நடந்து வந்தாலும் வீடு ஒண்ணுதான்னு சொல்றீங்க.”

டாக்டர் சிரிக்கவில்லை. “எல்லாருக்கும் அப்படித்தான் ஆச்சு, ஒருத்தரைத் தவிர. ரிட்டயரான லிஃப்ட்காரர். தனியா இருக்கார். அவருக்கு மட்டும் மூணாவது மாசம் ஓடுது. இடப்பக்கம் நல்லா ஏறிட்டு வந்து, திடீர்னு நின்னு, இப்ப பின்னால போகுது. அடுத்த மாசம் பல் டாக்டர்கள் கூட்டத்துல நான் இதைப் பேசணும். எவனோ ஜெல்லை மாத்திட்டான்னுதானே அர்த்தம்?”

“எவன்?”

டாக்டர் குரலைத் தாழ்த்தினாள். “எவன் இல்ல, எவள். எங்க நர்ஸ். ஜெல் அடைச்ச குழாயை எடுத்துக் குடுக்கறது அவங்கதான். அந்த விளக்கை விக்கற ஆளு யாரு தெரியுமா? அவங்க அக்கா புருஷன். உறை தோத்தா விளக்கு ஜெயிக்கும். கேட்டா அழறாங்க. இன்னைக்குக் கிளினிக் மூடறப்போ அவங்களை அனுப்பிடலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி எனக்கு ஆதாரம் வேணும்.”

அந்தக் கடைசி வாக்கியத்தில் மட்டும் அவள் குரல் கொஞ்சம் பிசிறியது. ஊசியம்மா அதைக் குறித்துக்கொண்டாள். இந்தப் பெண்ணுக்கு நர்ஸை அனுப்ப மனமில்லை. வைத்துக்கொள்ளத் தைரியமும் இல்லை.

நர்ஸ் கருவிகளைக் கொதிக்க வைக்கிற பின்னறையில் இருந்தாள். நாற்பதைத் தாண்டியவள். கண் சிவந்திருந்தது, கை மட்டும் வேலையை நிறுத்தவில்லை.

“இந்தக் கிளினிக் திறந்த நாள்லேர்ந்து இருக்கேங்க. டாக்டரம்மா அப்பா காலத்துலேர்ந்து. எங்க அத்தான் விளக்கு வித்தா அது அவர் பாடு. நான் ஏங்க அடுத்தவங்க வாயில விளையாடணும்?”

“லிஃப்ட்காரரைப் பத்திச் சொல்லுங்க.”

“தங்கமான மனுசன். உறை போட்டிருக்கறவங்களுக்குத் தினமும் சாயங்காலம் ஆறரைக்குப் போன் பண்ணுவேன். பல் கூசுதா, ஈறு எரியுதா, இதான் கேக்கணும். மத்தவங்க கூசல, எரியலன்னு ரெண்டே வார்த்தையில வெச்சிடுவாங்க. இவரு ஒருத்தருதான், ‘நீங்க சாப்டீங்களாம்மா’ன்னு திருப்பிக் கேப்பாரு.”

“அவருக்குக் கூசுதாமா?”

“தினமும் கூசுதுன்னுதாங்க சொல்றாரு. இடப்பக்கம் கொஞ்சம் கூசுதுன்னு. நேத்துக்கூடச் சொன்னாரு.”

ஊசியம்மா சட்டென்று நிமிர்ந்தாள். “இந்த ஜெல்லுதானே கூச வைக்கும்? வெறும் தண்ணிக் களிம்பு கூச வைக்குமா?”

“அது எப்படிங்க வைக்கும்?”

“அப்ப ஒண்ணு ஜெல் சரியா இருக்கணும், பல் வெளுத்திருக்கணும். இல்ல ஜெல் மாறியிருக்கணும், பல் கூசியிருக்கக்கூடாது. கூசவும் கூசுது, வெளுக்கவும் இல்லைன்னா இடிக்குதே.” அவள் பார்வை மெல்லத் திரும்பி ரேடியோவின் வாயில் வந்து நின்றது.

ரேடியோ ஒரு அடி பின்வாங்கினான். “அக்கா. வேண்டாம். என் சொத்தே இந்த வாய் ஒண்ணுதான்.”

ஊசியம்மா அவனை டாக்டரின் அறைக்கு இழுத்துப்போனாள். “லிஃப்ட்காரருக்குன்னு எடுத்து வெச்சிருக்கற குழாய்லேர்ந்து இவனுக்குக் கொஞ்சம் தடவுங்க, டாக்டர். இவன் பல்லு லேசுல கூசும். ஐஸ்கிரீமைப் பார்த்தாலே தோளைக் குறுக்கறவன்.”

உதட்டை விலக்கிப் பிடிக்கிற வளையத்தை மாட்டி, ஈறுக்குக் காப்புத் தடவி, இடப்பக்கப் பற்களில் ஜெல்லைப் பூசினாள் டாக்டர். ரேடியோ எதையோ சொல்ல வந்தான். “ஆ... ஊ...” என்று காற்றுத்தான் வந்தது. அவனுடன் வேலை செய்த இத்தனை காலத்தில் முதல்முறையாக அவன் நிலையம் ஒலிபரப்பை நிறுத்தியது.

அறை அமைதியாயிற்று. சுவர்க்கடிகாரம் கேட்டது, எங்கோ குழாய் சொட்டுவது கேட்டது. ஊசியம்மாவுக்கு அந்த அமைதி நன்றாகத் தெரிந்த அமைதி. தினமும் பூட்டைத் திறந்தவுடன் அவள் வீட்டில் இருப்பது அதுதான். ரேடியோவின் வாயைச் சீக்கிரம் திறந்துவிட்டால் தேவலை என்று அவளுக்கே தோன்றியது. அப்படித் தோன்றியதை அவனிடம் மட்டும் சொல்லிவிடக்கூடாது என்றும் முடிவு செய்துகொண்டாள்.

நேரமானதும் வளையத்தைக் கழற்றி ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு வாய்தான். ரேடியோ நாற்காலியிலிருந்து துள்ளினான்.

“ஐயோ! மூளை வரைக்கும் போகுது!”

“ஜெல் அசல்” என்றாள் ஊசியம்மா. “உங்க கிளினிக்கை விட்டுப் போற வரைக்கும் யாரும் இதைத் தொடலை, டாக்டர். மிச்சம் அவர் வீட்லதான் இருக்கு. மூடறதுக்குள்ள வந்துடறேன்.”

“அவரை யாராவது விலைக்கு வாங்கியிருப்பாங்களோ?” என்று டாக்டர் கேட்டாள்.

“அதைத்தான் பார்க்கணும்.”

லிஃப்ட்காரரின் வீடு ஒரு பழைய கட்டடத்தின் உச்சி மாடியில் இருந்தது. கீழே லிஃப்ட் கதவில் ‘பழுது’ என்று எழுதிய அட்டை தொங்கியது.

“காலம் பூரா மத்தவங்களை ஏத்தி இறக்கின மனுசன். அவருக்கு ஒரு லிஃப்ட் இல்ல பாருங்க” என்றான் ரேடியோ. பேசும்போது பல்லில் காற்றுப் படாமலிருக்க உதட்டைக் குவித்துக்கொண்டதால் அவன் குரல் மீன் பேசுவது போல இருந்தது. கூசினாலும் பேசாமல் இருக்க முடியவில்லை, பாவம்.

கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் ஊசியம்மாவுக்கு முதல் வியப்பு. இஸ்திரி போட்ட சட்டை. தண்ணீர் தொட்டு வாரிய தலை. புதிதாக மழித்த முகம். எங்கோ புறப்படுகிறவர் போல இருந்தார். ஆனால் காலில் செருப்பில்லை.

“கிளினிக்லேர்ந்து வர்றோம்” என்றதும் அவர் முகம் மலர்ந்தது. வலப்பக்கம் முத்துப்போல வெள்ளை. நடுவில் கோடு போட்டுப் பிரித்ததுபோல இடப்பக்கம் பழுப்பு. ரேடியோ வாயைத் திறந்தான். ஊசியம்மா அவன் காலை மிதித்தாள்.

வீட்டில் ஒரே ஒரு நாற்காலி. அது ஜன்னலைப் பார்த்துப் போடப்படவில்லை, டி.வி.யைப் பார்த்தும் போடப்படவில்லை. மேசைமேல் இருந்த தொலைபேசியைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. பக்கத்தில் பாதி குடித்த கடுங்காப்பி. அதில் ஒரு ஸ்ட்ரா.

“உக்காருங்கம்மா, உக்காருங்க. நான் நிக்கறேன். நின்னு நின்னே பழக்கம்.” அவர் காப்பியை எடுத்து, விருந்தாளிகள் முன்னால் வீணாக்கக் கூடாதே என்பதுபோல அவசரமாக உறிஞ்சி முடித்தார்.

“ஸ்ட்ரா வெச்சுக் குடிக்கறாரு பாருங்கக்கா” என்று ரேடியோ காதோரம் கிசுகிசுத்தான். “பல்லுல கறை படக்கூடாதுன்னு நர்ஸ் சொன்னதை அப்படியே கேக்கறாரு. நல்ல பிள்ளை.”

“நல்ல பிள்ளை எதுக்குடா அதை இடது கன்னத்துல வெச்சுக் கொப்பளிக்கணும்?”

ரேடியோ மறுபடி பார்த்தான். விழுங்குவதற்கு முன் அவருடைய இடது கன்னம் சற்று உப்பி, நிதானமாக அசைந்து, பிறகுதான் அடங்கியது.

லிஃப்ட்காரர் உள்ளே போய்க் குளிர்பெட்டியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். பாட்டில் வேர்த்திருந்தது. ரேடியோ மரியாதைக்கு ஒரு வாய் வைத்து, கண்ணில் நீர் முட்ட டம்ளரைக் கீழே வைத்தான். லிஃப்ட்காரர் தன் டம்ளரை அண்ணாந்து ஒரே மூச்சில் காலி செய்தார்.

ஊசியம்மா கேட்டாள். “இடப்பக்கம் இன்னும் கூசுதா ஐயா?”

“கொஞ்சம் கூசுதும்மா. தினமும் நர்ஸம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் இருக்கேன்.”

“இந்தப் பையன் இன்னைக்கு ஒரே தடவை அந்த ஜெல்லைப் போட்டுக்கிட்டான். தண்ணியைப் பார்த்தாலே அழறான். நீங்க மூணு மாசமாப் போடறவர். ஐஸ் தண்ணியை மடமடன்னு குடிச்சீங்களே?”

அவர் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“உங்களுக்கு யாரு என்ன குடுத்தாங்க ஐயா? விளக்கு விக்கறவரா?”

“குடுத்தாங்களா? எனக்கு யாரும்மா என்ன குடுக்கப் போறாங்க?” அவர் உண்மையாகவே விழித்தார். “அந்த விளக்குக்காரரை நான் பார்த்ததுகூட இல்லையே.”

இத்தனை வருடத் தொழிலில் பொய் எப்படி இருக்கும் என்று ஊசியம்மாவுக்குத் தெரியும். இது பொய்யில்லை. அவள் நாற்காலியைப் பார்த்தாள், அது பார்த்துக்கொண்டிருந்த தொலைபேசியைப் பார்த்தாள், இஸ்திரி போட்ட சட்டையைப் பார்த்தாள். மணி ஆறரையை நெருங்கிக்கொண்டிருந்தது.

“ரெண்டு பக்கமும் ஒண்ணாயிட்டா நன்றி சொல்லி அனுப்பிடுவாங்க” என்றாள் மெதுவாக. “அப்புறம் போன் வராது. அதானே ஐயா?”

அவர் தொலைபேசியைப் பார்த்தார்.

“முதல்ல ஒழுங்காத்தாம்மா போட்டேன். சத்தியமா” என்றார். “ஒருநாள் டாக்டரம்மா அந்த விசிறியை வெச்சுப் பார்த்துட்டு, ‘அடுத்த தடவை முடிஞ்சிடும் ஐயா’ன்னு சந்தோஷமாச் சொன்னாங்க. வீட்டுக்கு வந்தேன். உறையைக் கழுவித் துடைச்சு டப்பாவுல வெச்சேன். அதுக்கப்புறம் ஜெல்லைத் தொட்டியில விட்டுட்டு, காலிக் குழாயைத் திருப்பிக் குடுத்துருவேன். அப்பவும் பாழாப்போன பல்லு வெள்ளையாவே நின்னுது. அதான் காப்பி.”

“எதுக்கும் ஒரு அளவு வேண்டாமா சார்?” என்றான் ரேடியோ. ஆனால் அவன் குரலில் கிண்டல் இல்லை.

“லிஃப்ட்ல ஏறுறவங்க எல்லாரும் கதவைப் பார்த்துத்தான் தம்பி நிப்பாங்க. மாடி நம்பரைச் சொல்லுவாங்க, திரும்பிப்பாங்க. என் உத்தியோகம் முழுக்க நான் பார்த்தது முதுகுதான். அங்க போனா, ‘சிரிங்க’ன்னு சொல்லி என் முகத்தையே ரெண்டு பேரு உத்துப் பாக்கறாங்க. சாயங்காலம் கூப்பிட்டு, வலிக்குதான்னு கேக்கறாங்க. சில நாள் நான் பேசுற முதல் பேச்சே அந்தப் போன்லதான்.” அவர் வெட்கப்பட்டார். “கிறுக்குத்தனம்தான். யாருக்கு என்ன நஷ்டம்னு நினைச்சுக்கிட்டேன்.”

“நர்ஸுக்கு நஷ்டம்” என்றாள் ஊசியம்மா. அவளுக்குச் சொல்லப் பிடிக்கவில்லை. சொல்லாமல் விடவும் முடியாது. “ஜெல்லை அவங்கதான் மாத்தினாங்கன்னு டாக்டர் நினைக்கறாங்க. இன்னைக்கோட அவங்களுக்கு அங்க வேலை இல்ல.”

டம்ளர் அவர் கையிலிருந்து மேசைக்கு வந்தது. அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

“எடுங்க” என்றாள் ஊசியம்மா. “நான் எதையும் சொல்லப்போறதில்ல. நீங்களே சொல்லுங்க.”

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எடுத்தார். அமைதியான அறையில் நர்ஸின் குரல் வெளியே கேட்டது. அழுது முடித்த குரல். ஆனாலும் கடமை தவறாத குரல். “ஐயா, பல் கூசுதா? ஈறு எரியுதா?”

லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

“கூசலம்மா” என்றார். “ரொம்ப நாளாவே கூசல. நான் ஜெல்லே போடறதில்ல. டாக்டரம்மாவைக் கூப்பிடுங்க, அவங்ககிட்டயும் சொல்லணும். இல்லல்ல, இருங்க. நானே நேர்ல வர்றேன்.”

கிளினிக்கில் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. அவர் நின்றபடியே சொன்னார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. டாக்டருக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னை மன்னிச்சிடுங்கக்கா” என்றாள். அந்த ‘அக்கா’ அவள் அப்பா காலத்தில் கூப்பிட்டுப் பழகிய அக்காவாக இருக்க வேண்டும். நர்ஸ் மறுபடி அழுதாள்.

கடைசியாக ஒருமுறை அவரைச் சிரிக்கச் சொல்லி, விசிறியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள் டாக்டர். “விளக்குப் போட்ட பக்கம் இத்தனை நாள் கழிச்சும் நல்லா நிக்குது” என்றாள். “உறையைப் பத்தி உங்க வாயை வெச்சு என்னால எதுவும் சொல்ல முடியாது. இந்தப் பாதியை விளக்கு வெச்சு சமமாக்கித் தரட்டுமா ஐயா?”

“வேண்டாம்மா. யாரு பாக்கப் போறாங்க?”

டாக்டர் விசிறியை மூடினாள். “அப்ப, உங்க வேலை முடிஞ்சது. நன்றிங்க.”

எந்த வார்த்தைக்குப் பயந்து மாதக்கணக்கில் காப்பியைக் கொப்பளித்தாரோ, அதே வார்த்தை. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வாசலில் நின்று, “வரட்டுமாம்மா?” என்று நர்ஸைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டாள். அவள் பிழைப்பில் மண் விழ இருந்ததே, அவளைத் தப்பு சொல்ல முடியுமா? அவரும் சொல்லவில்லை. ரேடியோ வீடுவரை கூடப் போய்விட்டு வந்தான். வழியில் என்ன பேசினான் என்று ஊசியம்மா கேட்டதற்கு, “ஒண்ணும் பேசலக்கா, பல்லு கூசுது” என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் மாலை ஊசியம்மா சீக்கிரம் வீடு திரும்பினாள். வழக்கு முடிந்தது, டாக்டர் நன்றி சொல்லியாயிற்று. பூட்டைத் திறந்தாள். அமைதி எழுந்து வந்து வரவேற்றது. ரேடியோ போன் செய்தான். பின்னால் அவன் பெண்டாட்டி குரல், மாமியார் குரல், எதையோ போட்டு உடைத்த குழந்தையின் குரல். “அக்கா, சாப்டீங்களா?” என்றான். அவள் பதில் சொல்வதற்குள், “இருங்க, இங்க ஒரே ரகளை, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டான். நல்லவன்தான். கேள்வி கேட்பான், பதிலுக்கு நிற்க அவனுக்கு நேரம் இருக்காது.

அவளிடம் கடைசியாக யார் வலிக்கிறதா என்று கேட்டார்கள்? யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. அவள்தான் எல்லாரையும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள், அதுவும் பொய்யைப் பிடிப்பதற்காக.

கடிகாரம் ஆறரையைத் தொட்டது. இந்நேரம் ஒரு மனிதர் சட்டைக்கு இஸ்திரி போட்டிருப்பாரா, மாட்டாரா? தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது. போனை எடுத்து எண்களை அழுத்தினாள். முதல் மணி முழுதாக அடித்து ஓய்வதற்குள் மறுமுனையில் எடுத்துவிட்டார்கள்.

“யாருங்க?”

என்ன பேசுவது என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. நலமா என்று கேட்டால் நலம் என்று சொல்லி வைத்துவிடுவார்.

“ஊசியம்மா பேசறேன். பல் கூசுதா ஐயா?”

மறுமுனையில் நாற்காலி ஒன்று இழுபடும் ஓசை வந்தது.

“கொஞ்சம் கூசுதும்மா” என்றார் அவர்.

பச்சைப் பொய். ஆதாரம் அவள் கையிலேயே இருந்தது. தன் வாழ்நாளில் ஒரு பொய்யைக்கூடத் தப்பிப் போகவிடாத ஊசியம்மா, தன் நாற்காலியையும் போன் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எந்தப் பக்கம்?” என்று கேட்டாள்.